பெருவில் எங்களுக்கு ஒருவரும் இல்லை

நானும் என் மனைவியும் ஒன்பது நாடுகளுக்குப் போய் வந்திருக்கிறோம் என்று சொன்னால் அலுவலகத்து வெள்ளைக்காரர்கள் மரியாதையோடு தலையாட்டுவார்கள். உண்மையில் நாங்கள் பார்த்தது ஒன்பது குசினிகள். ரொறன்ரோவில் அவளுடைய அக்கா, பாரிசில் என் ஒன்றுவிட்ட தம்பி, சூரிச்சில் மாமி, ஒஸ்லோவில் மாமியின் மகள். எங்கள் ஆட்களின் உலகப்படத்தில் சொந்தக்காரர் இருக்கும் ஊர்கள் உண்டு, அவற்றுக்கு இடையில் தண்ணீர் உண்டு, வேறு எதுவும் இல்லை. விமான நிலையத்தில் யாராவது காரோடு நிற்பார்கள். வீட்டுக்குப் போனதும் இடியப்பம். சாப்பிட்டு முடிந்ததும் ஆண்கள் ஹோலுக்குள், பெண்கள் சட்டிபானை கழுவக் குசினிக்குள். ஈபிள் கோபுரத்தை என் மனைவி மூன்று தடவை பார்த்திருக்கிறாள். மூன்று தடவையும் கார்க் கண்ணாடி வழியாக, யாரோ வீட்டுக்குக் கொண்டுபோகும் கறிச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு.

ஆகவே போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தவள், "மாச்சுப் பிச்சுவுக்குப் போவம்" என்று சொன்னபோது நான் பேப்பரைக் கீழே வைத்தேன்.

"ஏன் அங்கை?"

"அங்கை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

அவ்வளவுதான் காரணம். பெருவின் அந்த மலையுச்சி நகரத்தில் இன்காக்கள் சுண்ணாம்பு வைக்காமல் கல்லைக் கல்லோடு பொருத்திய விதம் பற்றி நான் நிறையப் படித்து வைத்திருந்தேன், சொல்லவும் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அவளுடைய முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண், இன்னும் இரண்டு வருடத்துக்கு மலைப்படி ஏறலாம், அதற்குப் பிறகு சத்திரசிகிச்சை என்று சொல்லியிருந்தாள். "ஒருக்கா, ஒரே ஒருக்கா, ஒருத்தருக்கும் வெங்காயம் வெட்டிக் குடுக்காமல் ஒரு இடத்தைப் பாத்துப்போட்டு வரவேணும்" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். களைப்புத்தான் இருந்தது.

திட்டமிடும் வேலை என்னிடம் வந்தது. நான் கவுன்சிலில் பார்க்கிங் தண்டம் பற்றிய முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுபவன். பகல் முழுவதும் மற்றவர்களுடைய கோபத்தை வாசித்துவிட்டு, லண்டனில் லூயிஷாம் வீட்டுக்குத் திரும்பி, தேநீரோடு கணினியின் முன் உட்கார்ந்தால் பெரு நாடு விரியும். மலையுச்சி இடிபாடுகளுக்குள் நினைத்த நேரத்துக்கு நுழைய ஏலாது. நாளும் மணியும் குறித்த அனுமதிச்சீட்டு, அதில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், எந்தப் பாதையால் நடப்பது என்ற தெரிவு, மலையடிவாரத்துக்கு ஒரு ரயில், அங்கிருந்து ஒரு பஸ். வழியில் உயரத்தில் இருக்கும் கூஸ்கோ நகரில் மூச்சு முட்டும், இரண்டு நாள் சும்மா இருந்து பழக வேண்டும் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். ஓர் ஊருக்குக் கீரிமலை என்று பெயர் வைத்துவிட்டு மலையே இல்லாமல் இருக்கும் நிலத்தில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டு மாடிப்படியிலேயே நடுவில் நின்று சுவரில் மாட்டிய படங்களை ரசிப்பது என் வழக்கம்.

இரண்டு பேருக்கும் சீட்டு எடுத்தேன், எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பயணக் காப்புறுதிப் படிவத்தில் ஒரு பெட்டி வரும்வரை. போகும் நாட்டில் அவசரத்துக்குத் தொடர்பு கொள்ளக்கூடியவர், இருந்தால் எழுதவும்.

இருந்தால் எழுதவும் என்றுதான் இருந்தது. வெறுமையாக விட்டிருக்கலாம். ஆனால் தஞ்சம் கேட்டுக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் வரிசையில் நின்ற நாளிலிருந்து ஒரு படிவத்திலும் நான் அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டதில்லை. எங்கே போனாலும் அங்கே ஒருவர் இருந்திருக்கிறார். அந்த வெறும் கட்டத்தைப் பார்க்க, ஏதோ அந்த நாட்டில் நான் இறந்தே போய்விட்டதைப் போல இருந்தது.

அடுத்த ஞாயிறு கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்தில் பழைய நண்பர் ஒருவரிடம், சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"அண்ணை, பெருவிலை எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"அங்கை ஆர் போறான்" என்றார். பிறகு ஒரு காலில் சப்பாத்தோடு யோசித்தார். "பொறும். கனடாவுக்கு எண்டு வெளிக்கிட்டு, ஏஜென்சிக்காரன் நடுவழியிலை விட்டிட்டுப் போன ஒருத்தன் அங்கை நிக்கிறதாக் கேள்வி. விசாரிச்சுச் சொல்லுறன்."

செவ்வாய்க்கிழமை அவருடைய தொலைபேசி இலக்கம் வந்தது. அதைவிட மோசம், உறவும் வந்தது. தலைநகர் லிமாவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கும் அந்த மனிதர் என் மனைவியின் சித்தப்பாவுடைய சகலனின் மகன். நான் ஒரு சிறிய செய்திதான் அனுப்பினேன். அவர் உடனே அழைப்பு எடுத்தார். அங்கே காலை, இங்கே பின்னேரம். நான் அலுவலகத்துப் படிக்கட்டில் நின்று கதைத்தேன்.

"அண்ணை, ஹோட்டல் கீட்டல் ஒண்டும் பாக்கவேண்டாம். அறை இருக்கு. நான் நாலு நாள் லீவு போடுறன். மலைக்கும் நான் கூட்டிக்கொண்டு போறன்."

"நீர் முந்திப் போயிருக்கிறீரோ?"

"இல்லை அண்ணை. இஞ்சை இருக்கிற நாங்கள் ஏன் போறம். நீங்கள் லண்டனிலை அந்தப் பெரிய மணிக்கூட்டுக் கோபுரத்திலை ஏறினனீங்களோ?"

"இல்லை."

"அப்பிடித்தான்."

அவர் மனைவி அந்நாட்டுக்காரி, பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ். கறித்தூள் கொண்டுவரவா என்று கேட்டேன். "ஒண்டும் வேண்டாம் அண்ணை. முன்னாலை இருந்து ஒராள் தமிழிலை கதைச்சு எவ்வளவு காலம். வந்து கதைச்சால் காணும்" என்றார்.

வீட்டில் சொல்ல ஒரு நல்ல தருணத்தை எதிர்பார்த்து ஒன்பது நாள் காத்திருந்தேன். பத்தாம் நாள் காலை, என் கைபேசியை எடுத்து நேரம் பார்த்த மனைவி அதை மேசையில் என் பக்கம் தள்ளினாள். திரையில் ஒரு கட்டில். புது மெத்தை, பொலித்தீன் உறை இன்னும் கழற்றவில்லை. அக்காவுக்குப் பிடிக்குமோ என்று கீழே ஒரு வரி.

"இது ஆர்?"

"லிமாவிலை இருக்கிறவர். உமக்கு ஒரு முறையிலை தம்பி."

"பெருவிலையுமோ" என்றாள். தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மூன்று நாள் எங்கள் வீட்டில் பெரு என்ற சொல் உச்சரிக்கப்படவில்லை. நான்காம் நாள், "வரேல்லை எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு, அவள் எதிரில் இருக்க, ஸ்பீக்கரில் போட்டு அவருக்கு எடுத்தேன். பார்க்கிங் தண்டத்தை மறுத்து வரும் எத்தனையோ பரிதாபக் கதைகளுக்கு 'வருந்துகிறோம்' என்று எழுதியவன் நான். ஒரு சாதாரண மறுப்பு என் வாயில் வரவில்லை. அவரோ அறைக்குப் புது யன்னல்சீலை போட்டதையும், பிள்ளைகளுக்கு 'வணக்கம்' சொல்லப் பழக்கியதையும் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் இரண்டு குரல்கள் அதைச் சொல்லியும் காட்டின. நான் காலநிலை பற்றிக் கேட்டேன். மனைவி என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கைபேசியை வாங்கினாள்.

"தம்பி, நான் அக்கா கதைக்கிறன். கட்டில் நல்லா இருக்கு."

"அக்கா, நீங்கள் குசினிப் பக்கமே வரக்கூடாது. நான்தான் சமைக்கிறது."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். இந்த வாக்குறுதியை ஒன்பது நாடுகளில் கேட்டிருக்கிறாள்.

"இவர் உங்களோடை நாலு நாளும் நிப்பார், தம்பி. நல்லாக் கதைப்பார். நான் லிமாவிலை இறங்கி அப்பிடியே கூஸ்கோவுக்குப் போட்டு, மலையைப் பாத்துப்போட்டு வாறன். வந்த பிறகு ஒரு நாள் உங்களோடை நிக்கிறன்."

"தனியவோ அக்கா?"

"ஓம் தம்பி. தனிய."

அவர், "அண்ணை நாலு நாளும் நிப்பாரோ?" என்று கேட்டார். நிற்பார் என்று அவள் உறுதி கொடுத்தாள். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

"என்ரை மலை ரிக்கற்?" என்றேன், அவள் கைபேசியை வைத்த பிறகு.

"அது பேர் மாத்தேலாது. விட்டிடுங்கோ."

"உமக்கு ஏதும் நடந்தால் அங்கை ஆர்?"

"ஒருத்தரும் இல்லை" என்றாள். பல வருடங்களில் அவள் அவ்வளவு திருப்தியாக ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொந்தக்காரர் இல்லாத இடம் என்று அவள் சொன்னபோது என்னையும் கணக்கில் சேர்த்தாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கணவனும் ஒரு சொந்தக்காரன்தானே. அவனுக்கும் வெங்காயம் வெட்டத்தான் வேண்டும்.

இப்போது ஞாயிறுகளில் அவள் புதிய மலைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிரினிச் பூங்காவின் மேட்டில் ஏறிப் பழகுகிறாள். முழங்காலுக்கு உறை, கையில் ஒரு தடி. நான் கீழே மர வாங்கில் உட்கார்ந்து அவளுடைய மேற்சட்டையை வைத்திருக்கிறேன். போன வாரம் நடுவழியில் நின்று மூச்சு வாங்கினாள். நான் எழுந்து நின்றேன். அவள் திரும்பிப் பார்க்காமல் தடியைச் சற்று உயர்த்தி, இருங்கோ என்பதுபோல் அசைத்துவிட்டு, ஏறிப் போனாள். நான் இருந்தேன்.