தள்ளிக்கொண்டு போன மோட்டார்கள்

1. பறந்தா போனாங்க?

"ஆன்ட்டி, ஒரு டவுட். சாயங்காலம் அவ்வளவு மோட்டார் எஸ்டேட்டுக்குள்ள போகுது. காலையில அதெல்லாம் வெளிய வந்த மாதிரியே இல்ல. எல்லாரும் பறந்தா போனாங்க?"

போனில் கேட்டது மிஸ் கவிதா. தாமான் கட்டுவதற்கு முன்னால் ரோட்டில் எவ்வளவு வண்டி ஓடுகிறது என்று ஆய்வு செய்து தரும் கம்பெனியில் இஞ்சினியர். அவருக்காக ரோட்டோரம் உட்கார்ந்து வண்டி எண்ணுகிறவர்கள் நானும் பார்வதி அக்காவும். எங்கள் பக்கம் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள், காடி என்றால் கார், தாமான் என்றால் வரிசை வீட்டுக் குடியிருப்பு.

எனக்குப் போனில் பேச வராது. நேரில் பேசுவதே குறைச்சல். "தெரியல மிஸ்" என்று மட்டும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. இந்தக் கணக்கு சரியாக வராவிட்டால் எஸ்டேட் முச்சந்திக்கு டிராபிக் லைட் கேட்க முடியாது என்றார். காலையில் அங்கிருந்து வலது பக்கம் திரும்புகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம் என்றுதான் காகிதம் சொல்கிறதாம். அவ்வளவு கொஞ்சம் பேருக்கு லைட் எதற்கு என்று நகராண்மைக் கழகத்தில் கேட்பார்களாம்.

அந்த முச்சந்தி எங்கள் முச்சந்தி. கோல சிலாங்கூர் போகும் பெரிய ரோட்டில் எங்கள் எஸ்டேட் ரோடு வந்து முட்டும் இடம். அதற்கு நேர் எதிரே செம்பனைத் தோட்டத்தை அழித்து புதுத் தாமான் வரப்போகிறது. என் மருமகள் வசந்தி தினமும் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த வழியாகத்தான் டவுனுக்குப் போகிறாள்.

2. எண்ணுகிற வேலை

நான் எஸ்டேட்டில் நாற்றுமேட்டு வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஆறாம் வகுப்புவரை படித்தேன். இந்த வேலைக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை. கண் வேண்டும், உட்கார்ந்த இடத்தில் இருக்கிற பொறுமை வேண்டும்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். யாராவது பெரிய தாமான் கட்ட வேண்டுமென்றால் நகராண்மைக் கழகம் முதலில் ரோட்டுக் கணக்கு கேட்கும். இப்போது அந்த ரோட்டில் என்னென்ன வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நாங்கள் எண்ணித் தருவோம். காடி, மோட்டார், வேன், சின்ன லோரி, பெரிய லோரி, பஸ் எல்லாம் தனித்தனி. கையில் கிளிக்கர் இருக்கும். ஒரு வண்டிக்கு ஒரு அழுத்து. நடந்து ரோட்டைக் கடக்கிற ஆட்களுக்கும் ஒரு கிளிக்கர் உண்டு.

அப்புறம், வரப்போகிற தாமானிலிருந்து எத்தனை காடி வெளியே வரும் என்று தெரிய வேண்டுமே. இல்லாத வீட்டு வாசலில் உட்கார்ந்து எண்ண முடியாது. அதனால் அதேமாதிரி ஏற்கெனவே குடியிருக்கிற தாமானுக்குப் போய் எண்ணுவோம். தஞ்சோங் காராங் பக்கம் ஒரு தாமான் வாசலில் குடை போட்டு உட்கார்ந்திருந்தோம். இடுப்பில் சாரம் கட்டிய ஒருவர் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் கிட்டே வந்து, தவணை கட்டாத காடியை இழுத்துப் போக பேங்கிலிருந்து வந்தவர்களா என்று பயந்து பயந்து கேட்டார். பார்வதி அக்கா சிரிக்கவில்லை. "இல்லங்க, எண்ணத்தான் வந்தோம். இழுக்கிறவங்க நாளைக்கு வருவாங்க" என்றது. அந்த மனிதர் முகம் போன போக்கைப் பார்த்து நான்தான் சும்மா சொல்கிறார்கள் என்று சொல்லித் தேற்றினேன்.

அங்கே எண்ணியதையும் இங்கே எண்ணியதையும் கூட்டி, வீடுகள் வந்த பிறகு முச்சந்தி தாங்குமா தாங்காதா என்று இஞ்சினியர்கள் கணக்குப் போடுவார்கள். தாங்காது என்றால் லைட் போடு, ரோட்டை அகலமாக்கு என்று கட்டுகிறவருக்கு நிபந்தனை வரும். நாங்கள் ஒரு அழுத்து விட்டால் அந்தக் கணக்கில் ஒரு ஆள் இல்லை.

3. வசந்தி மோட்டாரை நிறுத்தியபோது

அன்று சாயங்காலம் நான் வாசலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தேன். பார்வதி அக்காவைக் கூப்பிட்டு, காலையில் எதையாவது எண்ணாமல் விட்டுவிட்டதா என்று கேட்டுவிட்டேன். எஸ்டேட் ரோட்டு வாயை எண்ணியது அக்காதான். தூங்கிப்போனாயா என்று நான் கேட்கவில்லை. ஆனாலும் அதற்குப் புரிந்துவிட்டது. "ஏன்டி அஞ்சலை, நான் தூங்கினா கொறட்டை உனக்குக் கேக்காதா?" என்றது. அதுவும் நியாயம்தான். பக்கத்து நாற்காலிதானே.

அந்த நேரத்தில் வசந்தி வேலை முடிந்து வந்தாள். மோட்டாரை விட்டு இறங்கி, வீட்டுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் அவளைப் பார்த்தேன். பார்த்தபடியே இருந்தேன்.

"என்ன அத்தை, அப்படிப் பாக்குறீங்க?" என்றாள்.

"நாங்க எண்ணின அன்னைக்குக் காலையில நீ எங்களத் தாண்டித்தான போன?"

"ஆமா. தண்ணி போத்தல மறந்துட்டு வந்துட்டீங்கன்னு கொண்டாந்து கொடுத்தேனே."

கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். அவளை எண்ணவில்லை. பார்வதி அக்காவும் எண்ணவில்லை.

ஏனென்றால் எங்கள் எஸ்டேட் பெண்கள் அந்த முச்சந்தியில் மோட்டாரை ஓட்டிக்கொண்டு வலது பக்கம் திரும்புவதில்லை. லோரியும் காடியும் அப்படிப் பறக்கும். முச்சந்திக்கு முன்னாலேயே இறங்கி இஞ்சினை அணைத்துவிடுவார்கள். ரோடு காலியாகும்வரை நிற்பார்கள். பிறகு தள்ளிக்கொண்டு ஓடி, எதிர்க்கரையில் ஏறி ஸ்டார்ட் பண்ணிப் போவார்கள். ஆண்களிலும் பாதிப் பேர் அப்படித்தான். திரும்பி வரும்போது இடது பக்கம் சும்மா வளைந்தால் போதும். இறங்க வேண்டியதில்லை. சாயங்காலக் கணக்கில் எல்லாரும் இருந்தது அதனால்தான்.

பார்வதி அக்காவுக்கு மிஸ் சொல்லிக்கொடுத்தது, ஓடுகிற வண்டியை மட்டும் எண்ண வேண்டும், பக்கத்து டீக்கடையில் நிறுத்தி இறங்கியவர்களை எண்ணக் கூடாது என்று. தள்ளுகிற மோட்டார் ஓடுகிற வண்டி இல்லை என்று அது விட்டுவிட்டது. நடக்கிறவர்கள் கிளிக்கர் என்னிடம். மோட்டாரோடு போகிறவள் நடக்கிறவள் இல்லை என்று நான் விட்டுவிட்டேன். வருஷக்கணக்கில் தினமும் பார்க்கிற காரியம். நானும் அந்தக் காலத்தில் சைக்கிளை அப்படித்தான் தள்ளினேன். எண்ண வேண்டிய ஒன்றாக அது எங்கள் கண்ணில் படவே இல்லை.

நானே போன் போட்டேன். மிஸ்ஸுக்கு நானாகப் போட்ட முதல் போன் அது. "மிஸ், பறக்கல. தள்ளிக்கிட்டுப் போறாங்க" என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. வசந்தி போனை வாங்கி விளக்கினாள். அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"தேங்க் காட், ஆன்ட்டி. நான் அந்த ஷீட்டத் தூக்கிப் போட இருந்தேன்லா. இன்னொரு தடவ எண்ணுவோம். இதுக்குன்னு தனிக் கிளிக்கர் தரேன்."

4. அதிகாரி பிடித்த பின்சீட்டு

மறுபடி எண்ணிய நாளில் மிஸ்ஸோடு நகராண்மைக் கழகத்திலிருந்து ஒரு அதிகாரியும் வந்தார். மலாய்க்காரர், நல்ல மனிதர். வண்டியை ஏன் ஓட்டாமல் தள்ளுகிறார்கள் என்று என்னிடம்தான் கேட்டார். எனக்கு மலாய் தெரியும். ஆனால் பெரியவர்கள் முன்னால் நாக்கு எழும்பாது. "தாக்கோட், துவான்" என்றேன். பயம் ஐயா என்று அர்த்தம். அதற்கு மேல் வரவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே வசந்தி வந்தாள். சீட்டில் பிள்ளை பள்ளிப் பையோடு உட்கார்ந்திருந்தது. முச்சந்திக்கு முன்னால் இறங்கினாள், இஞ்சினை அணைத்தாள், நின்றாள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று போனது. அதன் பின்னால் காடிகள் வரிசையாக வந்தன. இரண்டு அடி எடுத்து வைத்தாள், வேன் ஒன்று ஹார்ன் அடித்தது, மறுபடி பின்னால் இழுத்துக்கொண்டாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டு நேராக அவளிடம் போனார். பிள்ளைக்குப் பின்னால் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ரோடு காலியானதும் இரண்டு பேரும் சேர்ந்து தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

நான் புதுக் கிளிக்கரை அழுத்தினேன்.

திரும்பி வரும்போது அவர் சட்டை நனைந்திருந்தது. என்னைப் பார்த்து, "மக்சிக், தினமுமா?" என்று கேட்டார். மலாயில் மக்சிக் என்றால் அத்தை. தலையை ஆட்டினேன். மிஸ்ஸிடம், தான் தனியாக முடிவு செய்ய முடியாது, கூட்டத்தில் வைக்கிறேன் என்றார். இன்னொன்றும் சொன்னார். தாமான் வந்த பிறகு லைட் என்றால் இந்தப் பெண் அதுவரை என்ன செய்வாள் என்று.

கூட்டம் முடிந்ததும் மிஸ் போன் செய்தார். நிபந்தனை வந்துவிட்டது. புது வீடுகளுக்குச் சாவி கொடுப்பதற்கு முன்னால் முச்சந்தியில் லைட் எரிய வேண்டும். நான் பதில் சொல்லாததால் ஆன்ட்டி, ஆன்ட்டி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது. லைன் சரியில்லை மிஸ் என்றேன்.

5. பச்சை

லைட் போட்ட பிறகு எப்படி ஓடுகிறது என்று பார்க்க எங்களை மறுபடி உட்காரவைத்தார்கள். முதல் நாள் காலையில் எஸ்டேட் ரோட்டுக்குப் பச்சை விழுந்தது. பெரிய ரோட்டில் லோரி, காடி எல்லாம் நின்றன. எங்கள் பெண்கள் வழக்கம்போல இறங்கி, இஞ்சினை அணைத்துவிட்டு, பச்சையில் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

பார்வதி அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டது. "ஏறி ஓட்டுங்கடி. அவனுங்க உங்களுக்காகத்தான் நிக்கிறானுங்க" என்று கத்தியது. வசந்தி திரும்பிப் பார்த்தாள். நடு ரோட்டில் நின்றாள். பிறகு ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணி, மெதுவாக வலது பக்கம் வளைந்து போனாள். ஒருவர்கூட ஹார்ன் அடிக்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கையில் இருக்கிற கிளிக்கரில் அடங்காத ஆள் யாராவது உங்களைத் தாண்டிப் போனால் விட்டுவிடாதீர்கள், கேளுங்கள். உங்களுக்குத் தண்ணீர் போத்தல் கொண்டுவந்து கொடுத்தவளாகக்கூட அது இருக்கலாம்.

அன்றைக்கு வசந்திக்கு நான் மோட்டார் கிளிக்கரை அழுத்தினேன். தள்ளுகிறவர்களுக்கென்று கொடுத்த கிளிக்கர் இப்போது என் பையில் சும்மா கிடக்கிறது. மிஸ் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.