நிதானத்தின் வலது கை

பைண்டிங் பட்டறையில் அவருக்கு 'நிதானம்' என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பள நாளில் மட்டும்தான் வெளியே வரும். காகிதக் கட்டை வெட்டும் மெஷின் முன்னால் அவர் நிற்கிற அழகைப் பார்த்து யாரோ வேடிக்கையாக வைத்தது, அப்படியே நிலைத்துவிட்டது. அப்பேர்ப்பட்ட மனிதர் அன்று காலை பட்டறைப் படியில் கால் வைக்கத் தயங்கி நின்றார். வெட்டு மெஷினின் கத்தியை இன்று கழற்றிச் சுத்தம் செய்தே ஆகவேண்டும் என்று முதலாளியம்மா நேற்றே சொல்லிவிட்டார்.

கழற்றாமல் நாளைக் கடத்தியதால் வந்த வினை அது. முதுகில் பசை வைத்து ஒட்டிய புத்தகங்களின் ஓரத்தை வெட்டும்போது, கொஞ்சம் பசை கத்தியில் ஏறும். அன்றன்றே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் சரி. ஆனால் கத்தியின் பின்பக்கம் துணிக்கு எட்டாது. அதற்குக் கத்தியையே கீழே இறக்கவேண்டும். இறக்காமல் விட்டால் பசை கல்லாகிவிடும். நிதானம் விட்டுவிட்டார். வாரக்கணக்கில் விட்டுவிட்டார். நேற்று பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகங்கள் ஒரு கட்டு முழுக்க எலி கடித்தாற்போன்ற ஓரத்தோடு வெளியே வந்து, குட்டு பாதி உடைந்தது.

மீதிப் பாதி அவர் கையில் இருந்தது. வலது கையில். மழைக்காலத்தில் ஒருநாள், டீ கிளாஸ் தட்டில் தானாகவே தாளம் போட்டது. குளிர் என்று நினைத்தார். மழை போனது, குளிர் போனது, தாளம் போகவில்லை. அன்றிலிருந்து டீக்கடையில் அரை கிளாஸ்தான் வாங்கினார். பேசும்போது கையைக் கட்டிக்கொண்டார். சட்டைப் பொத்தான் போட முடியாமல் ஓட்டை சின்னது என்று சொல்ல, அவர் மனைவி தையல்காரரைத் திட்டித் தீர்த்துவிட்டு, எல்லாச் சட்டையிலும் ஓட்டையைப் பெரிசாக்கிக் கொடுத்தாள். டாக்டரிடம் போகவில்லை. சொல்லாத வியாதி இல்லாத வியாதி என்று தனக்குத்தானே ஒரு பழமொழியும் செய்துகொண்டார். பயந்தவனுக்குப் பழமொழிக்கா பஞ்சம்?

வெட்டுகிற வேலைக்கு அந்தக் கை இன்னும் போதுமானதாக இருந்தது. பொத்தானை அழுத்தினால் மெஷின் வெட்டிவிடும். கத்தியைத் தூக்குவதில்தான் வம்பு. ஆள் நீளம் இல்லாவிட்டாலும் அரை ஆள் நீளம், கைக்குழந்தையின் கனம். தூக்குவதற்கென்று இரண்டு கைப்பிடிகள் உண்டு. ஒன்று எப்போதோ மரை தேய்ந்து கழன்றுபோக, அந்தப் பக்கத்தைச் சாக்குத்துணி சுற்றி வெறும் கையால் பிடிப்பது என்று வழக்கமாகிவிட்டது. கைப்பிடிப் பக்கம் நிற்பவர் நிதானம். சாக்குப் பக்கம் அவர் மனைவியின் தம்பி. கைப்பிடிப் பக்கம் வெடுக்கென்று இழுபட்டால், சாக்குப் பக்கம் கத்தி விரல்களுக்குள் நழுவும். மச்சினனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நிதானம்தான்.

"என்ன மாமா, பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?" என்று கேட்டபடியே சாக்கைச் சுற்றினான் மச்சினன். "வாங்க, கத்தியை இறக்கிட்டு டீ குடிக்கலாம். இன்னிக்கு உங்க காசு."

நிதானம் மெஷினின் மெயின் சுவிட்சை அணைத்தார். போல்ட்டுகளைத் தளர்த்தினார். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தார். கடைசி போல்ட் கழன்றபோதும் அதையே நினைத்தார். கனம் கைக்கு வந்தது. இரண்டு பேரும் மெஷினிலிருந்து விலகி, பலகை போட்ட மேஜையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். பாதி தூரத்தில் அவருடைய மணிக்கட்டு தன் வேலையைத் தொடங்கியது.

"மாப்ள."

"சொல்லுங்க."

"என் கை நடுங்குது."

மச்சினன் சிரித்தான். "அக்கா காலையில பட்டினி போட்டுடுச்சா?" என்றவன், அவர் தோளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தான். குழல்விளக்கின் வெளிச்சம் கத்தியில் பட்டுச் சுவரில் விழுந்திருந்தது. அந்த வெளிச்சம் உதறிக்கொண்டிருந்தது. அவன் சிரிப்பு நின்றது.

"நிக்காதீங்க," என்றான், குரலே வராமல். "மெதுவா வாங்க. இழுக்காதீங்க மாமா. இழுக்காதீங்க."

கீழே வைக்க வழியில்லை. குனிந்தால் கத்தி சாயும். நிதானம் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. பல்லைக் கடித்தார், மூச்சைப் பிடித்தார். பிடிக்கப் பிடிக்க நடுக்கம் கூடியது. ஒருதரம் கைப்பிடி துள்ளியது. எதிரே மச்சினன் "அம்மா" என்றான். எப்படியோ பலகை வந்தது. கத்தி அதில் படுத்தது.

மச்சினன் சாக்கைப் பிரித்தான். துணி குறுக்காக அறுந்திருந்தது. நிதானம் அவன் கை விரல்களை எண்ணினார். ஐந்தும் இருந்தன. மறுபடியும் எண்ணினார்.

"எப்பலேருந்து?" என்று கேட்டான் மச்சினன்.

"மழையப்ப ஆரம்பிச்சுது."

"அதுக்கப்புறமும் தூக்கியிருக்கோமே."

"ஆமா."

"அப்ப ஏன் வாயைத் திறக்கல?"

"வேலை போயிடும்னு பயமா இருந்துச்சு மாப்ள."

மச்சினன் அறுந்த சாக்கை அவர் முன்னால் போட்டான். "உங்க வேலைக்கு என் விரலா மாமா?"

பதிலுக்குக் காத்திராமல் முதலாளியம்மாவின் அறைக்குப் போய்விட்டான். போய்ச் சொல்லட்டும், எல்லாம் முடிந்தது என்று நிதானம் நினைத்தார். கை சும்மா இருக்கப் பயந்து வேலையைத் தொடங்கினார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைப் பசைமேல் நீளமாகப் போர்த்தி ஊறவிட்டார். பிறகு தேய்ந்த பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்தார். இரும்பால் சுரண்டினால் கத்தியில் கீறல் விழும். இடது கையால் வலது மணிக்கட்டை அமுக்கிக்கொண்டு, கத்தியின் முதுகிலிருந்து கூருக்குத் தள்ளினார். மஞ்சளாக இறுகிக் கிடந்த பசை பாலாடை மாதிரி சுருண்டு எழும்பியது. கூருக்கு அருகில் வரும்போதெல்லாம் ஸ்கேல் உதறியது. அவர் நிறுத்தினார், எச்சில் விழுங்கினார், மறுபடி தள்ளினார். இதை விட்டால் தனக்கு வேறு என்ன தெரியும் என்று யோசித்தார். ஒன்றும் தெரியாது.

முதலாளியம்மா வந்தார். பின்னால் மச்சினன்.

"யாருக்குக் கை நடுங்குதாம்?"

நிதானம் ஸ்கேலை வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் வாய் திறப்பதற்குள் மச்சினன் முந்திக்கொண்டான்.

"எனக்குத்தாம்மா. அந்தக் கைப்பிடியை மாத்திக் குடுங்க. அதுவரைக்கும் நான் தூக்கமாட்டேன்."

இரண்டு கையையும் நீட்டிக் காட்டினான். பொய் இல்லை, இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. அவன் நிதானத்தின் பக்கம் திரும்பவேயில்லை.

"இத்தனை வருஷம் இல்லாத பயம் இன்னிக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்றார் முதலாளியம்மா. "பயமா இருந்தா நீ கட்டு சுமக்கப் போ. கைப்பிடி வரும்போது வரட்டும். பசைச் சட்டிக்காரரைச் சாக்குப் பக்கம் பிடிக்கச் சொல்றேன். நிதானம் இருக்கார்ல, பார்த்துக்குவார்."

பசைச் சட்டிக்காரர் அந்த மூலையில் குனிந்து சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். தன் பேர் அடிபட்டதைக் கேட்டு நிமிர்ந்து, என்ன ஏது என்று தெரியாமலே தலையாட்டினார். கரண்டியைப் பிடித்திருந்த அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார் நிதானம். சும்மா இருந்தால் போதும், இன்றைக்கு வேலை தங்கிவிடும்.

"அம்மா, அவரைப் போடாதீங்க," என்றார்.

"ஏன்?"

நிதானம் கையை முன்னால் கொண்டுவந்து, விளக்குக்கு நேராகக் கத்திக்குப் பக்கத்தில் பலகைமேல் வைத்தார். பலகையில் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது.

"அவன் கை பயத்துல நடுங்குதும்மா. என் கை பயமில்லாதப்பவும் நடுங்குது. அந்தப் பக்கம் யாரையும் நிறுத்தாதீங்க."

முதலாளியம்மா கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். திட்டத்தான் போகிறார் என்று நிதானம் கண்ணை மூடிக்கொண்டார்.

"வீட்டுல தெரியுமா?" என்று கேட்டார் அவர்.

தெரியாது என்று சொல்ல நிதானம் வாயெடுத்தார். சொல்ல வரவில்லை, அழுகைதான் வந்தது. கோபம் துளியும் தணியாத முகத்தோடு மச்சினன் பக்கத்தில் வந்து, பலகைமேல் துள்ளிக்கொண்டிருந்த அந்தக் கையை எட்டி இறுக்கிப் பிடித்தான். நடுக்கம் நிற்கவில்லை. இரண்டு கையும் சேர்ந்து நடுங்கின.