கழுத்துக் குழலும் ஒரு தக்கையும்

அந்த நோயை என் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது நானா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் கார்பாலிக் சோப்பால் முழங்கைவரை கழுவிவிட்டுத்தான் விளாங்குடி வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரி விடுதியிலேயே சேலை மாற்றினேன். தலையை அலசினேனா? அது நினைவில்லை.

இதே நோய் கண்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இதை வாசிப்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்காக எழுதுகிறேன்.

என் கணவர் பட்டாளத்தில் இருக்கிறார். யுத்தம் தொடங்கிய பின் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் போதாமல், ஓரளவு படித்த, பிள்ளை பெற்ற பெண்களையும் பயிற்சிக்கு எடுத்தார்கள். மூன்று வயது மகள் அழகுவை நாத்தனார் பேச்சியிடம் விட்டுவிட்டு நான் சேர்ந்தேன். என்னை அவசர அறையில் போட்டார்கள். வண்டியில் அடிபட்டவர்கள், பாம்பு கடித்தவர்கள், கிணற்றிலிருந்து தூக்கப்பட்டவர்கள் எல்லாரும் முதலில் வந்து சேரும் அறை அது.

மூச்சடைத்து வரும் பிள்ளையைப் பிடிப்பதுதான் அங்கே நான் நன்றாகக் கற்ற வேலை. கைகளைச் சேர்த்துப் போர்வையில் சுருட்ட வேண்டும். தோளுக்கு அடியில் மணல் பை வைக்க வேண்டும். தலை அசையக் கூடாது. "மூஞ்சியப் பாக்காத. பாத்தா கை நடுங்கும். தொண்டைக்குழிய மட்டும் பாரு" என்பார் தலைமை நர்ஸம்மா.

ஒரு விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது அழகுவின் குரல் கம்மியிருந்தது. உடம்பு லேசாகச் சுட்டது. வாயைத் திறக்கச் சொன்னேன், சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள். கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்திப் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமா, அதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த வாரமே ஒரு பிற்பகலில் ஆஸ்பத்திரி வாசலில் மாட்டுவண்டி நின்றது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவள் பேச்சி.

"மதினி, தொக்கம் எடுத்தாச்சு. பருக்கைய என் கண்ணால பாத்தேன். எடுத்த பெறகும் இழுப்பு நிக்கல மதினி."

சாப்பிட்டது தொண்டையில் தங்கிவிட்டது என்று, அதை வாயால் உறிஞ்சி எடுப்பதை எங்கள் பக்கம் தொக்கம் எடுப்பது என்பார்கள். அழகுவால் விழுங்க முடியவில்லை. அதனால் பேச்சி அவளைத் தொக்கம் எடுப்பவளிடம் கூட்டிப் போயிருக்கிறாள். அவள் ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்துக் காட்டியதும், இனிச் சரியாகிவிடும் என்று பேச்சி வீட்டில் காத்திருந்திருக்கிறாள். பேச்சியை என்னால் கோபிக்க முடியவில்லை. பயிற்சிக்கு வராமல் இருந்திருந்தால் நானும் அதே இடத்துக்குத்தான் போயிருப்பேன்.

டாக்டரம்மா தொண்டையைப் பார்த்தார். டிப்தீரியா (தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும் தொற்றுநோய்). சீரம் (நோயின் நஞ்சை முறிக்கும் ஊசி மருந்து) போட்டாலும் அது வேலை செய்யும்வரை மூச்சு தாங்காது. கழுத்தில் துளையிட்டுக் குழல் வைக்க வேண்டும் என்றார்.

"நீ வெளிய போம்மா. வேற யாராவது பிடிக்கட்டும்."

வேறு யாரும் இல்லை. நானே சுருட்டினேன், நானே பிடித்தேன். தொண்டைக்குழியை மட்டும் பார்த்தேன். மூச்சை இழுத்தபோது அது உள்ளே போனது, திரும்பி வரவில்லை. கத்தி இறங்கியது. ஒரு சீறல், அதன் பின் இருமல். வெள்ளிக் குழல் வழியாக அழகு மூச்சு விட்டாள். அழுதாள், சத்தம் இல்லை. கழுத்திலேயே திரும்பிவிடும் மூச்சு குரல்வளையைத் தொடுவதில்லை.

நோய் போய்விட்டது. குழல் போகவில்லை. அதை எடுத்த இரண்டு தடவையும் உதடு நீலம் பாரிக்கவே, அவசரமாகத் திரும்ப வைத்தார்கள்.

"சவ்வு போயிருச்சு, வழி தெறந்துதான் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "மூக்கால மூச்சு விடப் பயப்படுறா. குழலத் தக்கையால மூடி மூடிப் பழக்குங்க. நாள் பூரா தாங்கிட்டா எடுத்துரலாம்."

"தாங்கலைன்னா?"

"ரொம்ப நாள் குழல் இருந்தா மூச்சுக்குழாய் சுருங்கிரும். அப்புறம் எடுக்கவே முடியாது."

முதல் நாள் நான்தான் தக்கையைச் செருகினேன். அவள் கண் விரிந்தது. மார்பு மேலே ஏறியது. வாய் வழியே காற்று போன சத்தம் எனக்குக் கேட்டது. அதோடு, இத்தனை வாரம் கேட்காத குரலும் கேட்டது.

"அம்மா, எடு."

எடுத்துவிட்டேன்.

மறுநாள் பேச்சி என்னை அறையை விட்டு விரட்டினாள். "தள்ளிப் போங்க மதினி. எழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு நின்னா எந்தப் பிள்ள மூச்சு விடும்?" நடையில் நின்றேன். உள்ளே பேச்சி தக்கையைச் செருகிவிட்டுக் காக்கை மாதிரி கரைவதும் அழகு கீச்சென்று சிரிப்பதும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் மறுபடி "அம்மா, எடு." ஓடிப்போய்ப் பிடுங்கிவிட்டேன். "அம்புட்டுத்தான், போச்சு" என்று பேச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

இன்னும் அப்படித்தான் இருக்கிறோம். குழலின் சீறல்தான் இப்போது என் கடிகாரம். அது ஒரு நொடி நின்றால் என் கை என் கழுத்துக்கே போகிறது. தக்கை இருக்கும்வரை நானும் மூச்சு விடுவதில்லை. ஊரார் பிள்ளைகளை அசையாமல் பிடித்த கைதான் இது.

தக்கை இருந்தால்தான் அவளுக்குக் குரல் வருகிறது. அந்தக் குரலில் அவள் கேட்பது தக்கையை எடுக்கச் சொல்லித்தான். கேட்டதைக் கொடுத்தால் குரல் போய்விடுகிறது.

கழுத்தில் குழலோடு பிள்ளையை வளர்த்து மீட்ட தாய்மார்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். பிள்ளை "எடு" என்று சொன்னபோது நீங்கள் உங்கள் கையை என்ன செய்தீர்கள்?