ரத்த உறவில்லை என்றேன்

நான் இப்போது வாழும் இந்த ஜெர்மன் ஊரில் யாரும் யாரையும் "நீ யார் வீட்டுப் பெண்?" என்று கேட்பதில்லை. எதிர்வீட்டு அம்மாளுக்கு இன்றுவரை என் பெயர்கூடத் தெரியாது. பொன்னேரியில் பஸ் ஏறினால் இறங்குவதற்குள் நம் தலைமுறைகளையே விசாரித்துவிடுவார்கள். அந்தத் தொல்லை விட்டது என்றிருந்தேன். கடைசியில் அந்தக் கேள்வியை ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்.

கர்ப்பம் உறுதியானதும் ஹெபாமே, அதாவது இங்கே பிரசவம் பார்க்கும் செவிலி, "நீங்களும் உங்கள் கணவரும் ரத்த உறவா?" என்றார். "நைன்", இல்லை என்றேன், கொஞ்சம் கோபமாகவே. ரத்த உறவில் யாராவது கல்யாணம் செய்வார்களா? நம் கணக்கில் ரத்தம் என்றால் பங்காளி வீடு; சித்தப்பா மகன் அண்ணன். முருகன் என் தாய்மாமன் மகன், கட்டிக்கொள்ளும் முறை. நான் பிறந்தபோதே அவருக்குத்தான் என்று பேசி வைத்தார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன. தலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டின் மரபணு எனக்குள் ஒன்று, முருகனுக்குள் ஒன்று. "அதே மாற்றம், அதே இடத்தில்" என்றார் மருத்துவர். மாமன் மகன் என்று விளக்கினேன். "அதைத்தானே அன்றைக்குக் கேட்டேன்?" என்றார் செவிலி. பொய்க்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பத்தாம் வகுப்பில் பட்டாணிச் செடி வரைந்து மதிப்பெண் வாங்கியவள்தான் நான். ஓங்கு பண்புக்கு ஒரு மரபணு போதும், தன்னைக் காட்டிக்கொள்ளும். சித்தப்பாவின் ஆறாம் விரல் அவர் மகனுக்கும் வந்ததை ஊரே பார்த்தது. ஒடுங்கு பண்பு ஒற்றையாக இருக்கும்வரை மூச்சு விடாது. அப்பா பக்கம் ஒன்று, அம்மா பக்கம் ஒன்று என இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்தால்தான் வெளியே வரும். எங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படி நேர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

முருகனுக்கு ஓர் அண்ணன் இருந்தான். முகம் வெளுத்து, வயிறு உப்பி, பள்ளிக்கூடம் போகும் முன்பே இறந்துபோனான். மாமாவும் அத்தையும் சொந்தத்தில் கட்டியவர்கள்தான். அதை யாரும் நினைக்கவில்லை. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைப் புகை என்றார்கள். மாமா வீட்டைக் காலி செய்துகொண்டு பொன்னேரிக்கு வந்தார். புகைக்குப் பயந்து ஓடியவர்களோடு அந்த மரபணுவும் சத்தமில்லாமல் வந்திருக்கிறது.

சிசுவின் பரிசோதனை முடிவைக் கேட்க இன்று வராந்தாவில் காத்திருந்தோம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அப்போது பார்த்து அம்மா வீடியோவில் வந்தார்.

"ஊடு ஃபுல்லா ஜனம்டி. ஒன் தம்பிக்கும் நம்ம ரேவதிக்கும் தட்டு மாத்தப் போறோம். ரெண்டும் ஒக்காந்துகினு கீதுங்க, பாரு."

ரேவதி முருகனின் தங்கை. பேச்சு இருந்தது, இவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது.

"அம்மா, மாத்தாதீங்க. மொதல்ல ரெண்டு பேருக்கும் பிளட் டெஸ்ட் எடுங்க."

"நல்ல நேரத்துல இன்னா பேச்சு இது? நம்ம புள்ளைங்க ரத்தத்துல இன்னா கீது? அங்க போயி வெள்ளக்காரன் பேச்ச கேட்டுகினு..."

திரையில் எல்லோரும் என்னை அயலாளைப் போலப் பார்த்தார்கள். கதவு திறந்து செவிலி எங்கள் பெயரைக் கூப்பிட்டார். போனை அணைக்காமலே உள்ளே போனேன். மருத்துவர் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். கையிலிருந்த போனில் மாமாவின் குரல் கேட்டது: "நேரம் போவுது, தட்ட மாத்துங்க."