மூன்று விரல் மடிப்பு

என் அக்கா ஒரு பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தால் போதும், அது இன்னும் எவ்வளவு வளரும் என்று சொல்லிவிடுவாள். இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிச் சீருடை தைக்கிறவள். வளர்ந்தால் பிரித்துவிட்டுக்கொள்ள, பேன்ட்டின் கால் பக்கம் துணியை உள்ளே மடித்துத் தைப்போம். அந்த மடிப்பு எத்தனை விரல் என்று முடிவு செய்வதில்தான் அவள் பெயரே இருக்கிறது. பாதத்தைப் பார்ப்பாள், மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பாள். "இவன் ரெண்டு விரல். இவ மூணு விரல், அடுத்த வருஷம் நிலைப்படியில தலை இடிக்கும் பாருங்க" என்பாள். மூணு விரல் என்று கேட்டால் பெற்றவர்களுக்கு வாயெல்லாம் பல். ஒரு விரல் போதும் என்றதற்கு ஒரு அம்மா கடையிலேயே அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டே இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சொந்த மகளுக்கு மட்டும் அவள் ஒரு விரல்கூட விடவில்லை. பதினாறு வயதில் அந்தப் பெண்ணின் உயரம் அறுபது அங்குலம். "நான் பதினஞ்சு வயசுல வளராம நின்னேன். நீயும் பதினஞ்சுல நின்னே. இவளும் நின்னாச்சு. வீணா எதுக்குத் துணி?" என்றாள் அக்கா. அதோடு தீர்ப்பு முடிந்தது. வீட்டில் அந்தப் பெண்ணுக்கு நாங்கள் வைத்த செல்லப் பெயரே பட்டன்தான்.

பட்டனுக்குத் தீயணைப்பு வேலைதான் வேண்டும். அந்தச் சிவப்பு வண்டி தெருவில் போனால் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவாள். பதினேழு வயதில் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் உயரம் அறுபத்தோரு அங்குலமாவது இருக்க வேண்டுமாம். ஒரே ஒரு அங்குலம்! அதற்காக ஒரு வருஷம் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமா? காலையில் எழுந்ததும் மாடிப்படிக் கம்பியில் தொங்குவாள். பாலைக் குடிப்பாள், முட்டையைத் தின்பாள், மறுபடி போய்த் தொங்குவாள். கம்பிதான் கழன்றது.

வாடகை வீடு. சுவரில் பென்சில் கோடு போட்டால் வீட்டுக்காரர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அதனால் மாதம் முதல் தேதி அக்கா தன் டேப்பால் அவளை அளந்து, கடையின் அளவு நோட்டில் எழுதிவைப்பாள். அறுபது. அடுத்த மாதமும் அறுபது. பன்னிரண்டு மாதமும் அதே அறுபதுதான்.

"அம்மா, என் பேன்ட் எல்லாம் குட்டையாயிடுச்சும்மா."

"துணி சுருங்கிடுச்சுடி. அந்தத் துணிக்கடைக்காரர் எல்லாத்திலயும் ஏமாத்துறார்."

அந்த மனிதர் பாவம். அவரிடம் ஐந்து மீட்டர் வாங்கி வந்து அளந்தால் நாலைந்து விரல் குறையும். அக்கா நேரே அவர் கடைக்குப் போய், வாடிக்கையாளர்கள் முன்னாலேயே மானத்தை வாங்குவாள். 'குட்டை மீட்டர்' என்று அவருக்குப் பெயரே வைத்துவிட்டாள்.

விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் வந்தது. பெற்றவர் கையெழுத்து வேண்டும். "அறுபத்தொண்ணுன்னு போட்டுத் தொலையேன் அக்கா, அங்க போய்ப் பார்த்துக்கலாம்" என்றேன்.

"இருபத்திரண்டு வருஷத்துல நான் அளவைத் தப்பா எழுதினதில்ல. இப்பவும் எழுத மாட்டேன்."

பட்டன் அந்தத் தாளை மடித்தாள், இன்னொரு தடவை மடித்தாள். நான் இருவரையும் இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். இவள் இன்னும் வளர்வாளா மாட்டாளா, அதையாவது கேட்டுவிடலாம் என்று.

டாக்டரம்மா பட்டனைச் சுவரோரம் இருந்த இரும்பு அளவுகோலில் நிற்கவைத்து, மேல் பலகையைத் தலையில் இறக்கினார். "அறுபத்தொண்ணரை."

"உங்க கம்பி தப்பு" என்றாள் அக்கா, சட்டென்று.

டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அக்கா கழுத்திலிருந்த டேப்பை உருவிக் கம்பியோடு சேர்த்துப் பிடித்தாள். டேப்பின் அறுபது, கம்பியின் அறுபத்தொன்றரையில் போய் நின்றது. திருப்பிப் பிடித்தாள். அப்போதும் அதே இடம்தான்.

"டேப் இழுத்துக்கிட்டு நீண்டிருக்கும்மா" என்றார் டாக்டரம்மா. "பொண்ணும் வளர்ந்திருக்கா, டேப்பும் வளர்ந்திருக்கு."

எனக்கு அப்போதுதான் கத்தரிக்கோல் ஞாபகம் வந்தது. கடைக் கத்தரிக்கோலை அக்கம்பக்கத்தார் காகிதம் வெட்ட எடுத்துப்போகிறார்கள் என்று, வேலை முடிந்ததும் அதை டேப்பின் ஒரு நுனியில் கட்டி, மறுநுனியை உயரத்தில் ஆணியில் மாட்டித் தொங்கவிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது நான்தான். முக்கால் கிலோ இரும்பு. ஒரு வருஷமாகத் தொங்குகிறது. பட்டன் கம்பியில் தொங்கியதைவிட ஒழுங்காகத் தொங்கியிருக்கிறது!

அதே டேப்பால் அளந்து அதே டேப்பால் வெட்டியதால் ஊரார் உடுப்பெல்லாம் கச்சிதமாகவே இருந்தது. குறைந்தது துணிக்கடைக்காரர் மானமும் இந்தப் பெண்ணின் உயரமும்தான்.

"இன்னும் வளருவேனா டாக்டர்?" என்று பட்டன் கேட்டாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

"எலும்பு நுனியில வளர்ற இடம் ஒண்ணு இருக்கு. அது மூடுற வரைக்கும் வளரலாம். பொண்ணுங்களுக்குச் சீக்கிரமே மூடிடும், சிலருக்குக் கொஞ்சம் தாமதமாகும். உனக்கு இனிமே வளர்ந்தா கொஞ்சம்தான். தொங்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அக்கா அங்கேயே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். தெருவுக்கு வந்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "பேன்ட் குட்டைன்னு வருஷம் பூரா சொன்னியேடி. உன்னை நம்பாம இந்த நாடாவை நம்பினேனே!" என்று நடுத்தெருவில் அழுதாள். நான் கத்தரிக்கோல் கதையை ஒப்புக்கொண்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

விண்ணப்பத்தை அனுப்பிய கையோடு துணிக்கடைக்குப் போனோம். அக்கா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டு முடித்து, ஒரு புது டேப்பை எடுத்து நீட்டினார். "இதுல எதையும் கட்டித் தொங்கவிடாதீங்கம்மா. என்னால இன்னொரு வருஷம் தாங்க முடியாது."

அன்று மாலையே உடல்தகுதித் தேர்வுக்குப் புது பேன்ட் வெட்ட உட்கார்ந்தாள் அக்கா. மகளை நிற்கவைத்து, புது டேப்பால் இரண்டு தடவை அளந்தாள். சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டாள். அதற்குக் கீழே விரல்களை வைத்துப் பார்த்துவிட்டு இன்னொரு கோடு போட்டாள்.

"அக்கா, கொஞ்சம்தான் வளருவான்னு டாக்டரம்மா சொன்னாங்களே" என்றேன்.

"நீ வாயை மூடிக்கிட்டுப் பட்டன் தை" என்று சொல்லிவிட்டு மூன்று விரல் விட்டு வெட்டினாள்.