ஏரி வளைவில் தலைவர் சிரிக்கிறார்

ஹைதராபாத் நாச்சாரத்தில் நம்பர் பிளேட் செய்து, லாரிகளுக்கு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுகிற கடை என்னுடையது. மனைவி ஊருக்கு வெளியே ஒரு கிராமத்துப் பள்ளியில் டீச்சர். தினமும் ஸ்கூட்டரில் போகிறாள். வழியில் ஏரிக்கரை மேல் ஒரு வளைவு. தடுப்புச் சுவர் இல்லை, பலகை இல்லை. சாலை நேராகப் போகிறது என்று நம்பினால் ஏரிக்குள்தான் விழ வேண்டும். எங்களுக்குப் பால் ஊற்றியவர் ஒரு விடியற்காலையில் அப்படித்தான் செத்தார். நல்ல மனிதர். தண்ணீர் கலந்தால்கூடச் சொல்லிவிட்டுக் கலப்பார்.

சாலை அலுவலகத்துக்கு நான்கு முறை போனேன். "பலகைக்கு எழுதியிருக்கிறோம்" என்றார்கள். நான்கு முறையும் அதே பேச்சு. கடைசி முறை கத்தினேன். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

அதற்குள் வளைவின் உள்பக்கம் ஒரு தலைவரின் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் முளைத்தது. எதிரே வருகிற வண்டி சுத்தமாகத் தெரியாது. மறுநாளே மனைவி ஒரு மணல் லாரியில் மாட்டப் பார்த்துத் தப்பி வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்திருந்தாள். வேலையை விட்டுவிடு என்றேன்.

"நான் எதுக்கு விடணும்? மறைக்கிறவன் நகரட்டும்."

ஃப்ளெக்ஸ் கட்டியவன் எங்கள் ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழன்தான். இருவரும் அவன் வீட்டுக்கே போனோம்.

"கைக்குடா, எதுக்குடா அங்க கட்டுன? இப்பவே கழட்டு!"

"நக்கோ அண்ணே, வேணாம். அதுல கை வெச்சா என் தலை போயிடும்."

"வெக்கலேன்னா இவ உசுரு போயிடும்டா!"

அவன் காலரைப் பிடிக்கப் போனேன். மனைவி என்னைப் பின்னால் தள்ளினாள்.

"ஏம்பா, உங்க தலைவர் மூஞ்சி யாருக்குமே தெரியலையே. வண்டில போறவங்களுக்குக் காது மட்டும்தான் தெரியுது."

அவன் முகம் மாறியது. "ஹவ்வா அக்கா? நெசமாவா?"

"ஏரிப் பக்கம் வெச்சுப் பாரு. அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. எங்கிருந்து வந்தாலும் நேர் எதிர்ல நின்னு சிரிப்பாரு. சுத்தி மின்னுற பார்டர் இவரு ஒட்டிக் குடுப்பாரு. ஓசியிலயே."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடையில் மிச்சம் கிடந்த மஞ்சள், கறுப்பு ஸ்டிக்கரில் பெரிய அம்புகளாக வெட்டி, சாலை திரும்புகிற திசையைப் பார்த்து ஒட்டினேன்.

"பூ போடாம அம்பு எதுக்கு அண்ணே?"

"உன் தலைவர் ஜனங்களுக்கு வழிகாட்டுறாருடா."

சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். மடையன். ஆனால் அன்றே உள்பக்கத்தில் இருந்ததைக் கழற்றிவிட்டு, இரண்டு ஃப்ளெக்ஸையும் ஏரிப் பக்கம் நட்டுவிட்டான்.

இருட்டத் தொடங்கியதும் நாங்கள் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தோம். முன்னால் ஒரு மணல் லாரி வேகமாகப் போனது. அதன் வெளிச்சம் பட்டதும் அம்புகள் பளீரென்று எரிந்தன. நடுவில் தலைவரின் பல்வரிசை. லாரியின் பிரேக் விளக்கு சிவந்தது. நான் நடுரோட்டில் விசில் அடித்தேன். "மானத்தை வாங்காதீங்க" என்று மனைவி திட்டினாள், சிரித்துக்கொண்டே.

மழையில் தலைவர் வெளுத்துவிட்டார். அம்புகள் அப்படியே இருக்கின்றன. புதுப் படம் மாட்ட வேண்டும் என்று அவன் வந்தான்.

"படத்தை மாத்திக்கோ. அம்புல கை வெச்சே, உனக்குக் கை இருக்காது."

"ஹவ் அண்ணே, சரி."

அலுவலகத்துப் பலகை இன்னும் வரவில்லை. ஐந்தாவது முறை கத்தப் போகிறேன். மனைவி நேற்றும் நாலரைக்கே வந்துவிட்டாள். ஹெல்மெட்டை வாசலிலேயே கழற்றி என் கையில் திணித்து, காபி போட்டாச்சா என்று கேட்டாள். போடவில்லை. அதற்கும் திட்டு வாங்கினேன்.