திருப்பக் கூடாத பெயர்கள்

பக்கவாதம் வந்தவர்களைக் கவனித்துக்கொள்வது என் தொழில். முப்பது வருடத்தில் பல வீடுகள் பார்த்தாயிற்று. நன்றியோடு நினைப்பது சிலவற்றைத்தான். அதில் ஒன்று இந்த மருமகளின் வீடு.

மாமியார் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். வலது கை விழுந்து, பேச்சும் குழறியது. மருமகளுக்கு வீட்டிலிருந்தே வேலை. சாப்பாட்டு மேசையில் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் அவளுடைய மடிக்கணினி இருக்கும். சட்டம் பற்றி எழுதுகிறவர்கள் எந்தெந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தார்கள் என்று கடைசியில் பட்டியல் போட வேண்டுமாம். அதை அடுக்கித் தரும் மென்பொருளில் ஆசிரியர் பெயர்கள் தப்பாக விழுந்தால் அவள்தான் சரிசெய்வாள். ஒருமுறை அது பெயருக்குப் பின்னாலிருந்த பட்டத்தையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, நாற்பது வக்கீல்களை ஒரே குடும்பமாக்கிவிட்டது.

மாமியார் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'கமா'. வார்த்தைகள் உடைந்து வந்தாலும் கிண்டல் உடையாமல் வரும்.

"நாள் பூரா ஒரு கமாவை இங்கேருந்து அங்கே நகர்த்துறா. அதுக்குச் சம்பளம் வேற."

"உங்க கோர்ட்ல அதுக்கே பத்து வருஷம் ஆகும் அத்தை."

மாமியார் எழுதியது ஒரே ஒரு புத்தகம். அந்த மென்பொருளில் பட்டியல் போட்ட மாணவர் கையேடு ஒன்றின் புதிய பதிப்பில் அதைக் குறிப்பிட்டிருந்தார்கள். அச்சுக்குப் போகுமுன் வந்த பக்கங்களை மருமகள் ஆசையாகக் கொண்டுவந்து காட்டினாள். மாமியார் முகம் சுண்டிப்போயிற்று. பட்டியலில் அவருடைய அப்பாவின் பெயர் முழுதாக நின்றது. இவர் பெயர் அதன் பின்னால் ஓர் எழுத்தாகச் சுருங்கியிருந்தது.

"என்னைப் படிக்கவே விடாத மனுஷன். இப்ப புத்தகம் அவர் எழுதினதாம். நான் ஒத்தை எழுத்து."

அன்றிலிருந்து பேச்சுப் பயிற்சிக்கு வாயே திறக்கவில்லை. ஆரம்ப மாதங்களை விட்டுவிட்டால் பேச்சு திரும்புவது கடினம்.

"அந்த ஒரு வரியைக் கையால மாத்திட்டா என்ன?" என்று மருமகளைக் கேட்டேன்.

"மாத்தலாம்மா. நாளைக்கு யாராவது பட்டியலைப் புதுப்பிச்சா திரும்பவும் அத்தையோட அப்பாதான் வந்து உக்காருவார்."

இரண்டாவதாக வருவது குடும்பப் பெயர், அதை முன்னால் போட்டு மற்றதைச் சுருக்கு என்பது மென்பொருளின் ஏற்பாடு. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? இரண்டாவது கட்டம் காலியாக இருக்கிறதே என்று பதிப்பகத்தில் யாரோ அப்பா பெயரை நிரப்பிவிட்டார்கள்.

எந்தப் பெயரையும் முன்பின்னாகத் திருப்பாதே என்று மருமகள் முதலில் மென்பொருளில் எழுதிப் பார்த்தாள். "ஒருத்தரை நிமிர்த்தினா முந்நூறு வெளிநாட்டுக்காரங்க கவுந்துட்டாங்க," என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வோர் ஆசிரியருக்கும் பக்கத்தில் 'திருப்பாதே' என்று ஒரு சிறு கட்டம் வைத்தாள். அதில் குறியிட்டால் சொந்தப் பெயர் முழுதாக நிற்கும், அப்பா முன்னால் ஓர் எழுத்தாகிவிடுவார்.

மாமியாருக்காக மென்பொருளையே மாற்றுவதா என்று மேலாளர் தொலைபேசியில் கேட்டார்.

"ஒருத்தருக்காக இல்ல சார். இருநூத்திப் பன்னெண்டு பேர் இப்படி மாட்டியிருக்காங்க. எண்ணிட்டுதான் பேசறேன்."

அச்சுக்கு இரண்டு நாள் முன்பு திருத்திய பக்கம் வந்தது. மாமியார் இடது கை விரலை வரியில் வைத்து, தன் பெயரை இரண்டு மூச்சில் படித்தார்.

"அப்பா எங்கே?" என்றேன்.

"முன்னாடி ஒரு புள்ளியோட இருக்கார். இருக்கட்டும்."

பிறகு அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் பட்டியலைக் கேட்டார். பூனை, நாற்காலி என்று நான் வைத்திருந்த படஅட்டைகள் அலமாரிக்குப் போயின. தினம் பத்துப் பெயரை உரக்கப் படிப்பதே பயிற்சியாயிற்று. நிஜமாகவே குடும்பப் பெயர் இருந்தும் தவறாகக் குறியிட்ட ஒன்பது பெயர்களையும் பிடித்தார். "கமா, இங்க வா. இவரைத் திருப்பணும்." அவளும் முகம் சுளிக்காமல் ஒவ்வொரு முறையும் எழுந்து வந்தாள். என் வேலை பாதியாயிற்று. அதற்கே அவளுக்குப் பெரிய கும்பிடு போடலாம்.

மூன்றாம் மாதம் மருத்துவர் பேச்சைச் சோதித்துவிட்டு என்னைப் பாராட்டினார். பாராட்டு மருமகளுக்குச் சேர வேண்டியது என்றேன்.

"நீங்களும் நர்ஸா?" என்று அவளைக் கேட்டார்.

மாமியார் முந்திக்கொண்டார். "இல்ல டாக்டர். பேர் திருத்தறவ." ஓர் எழுத்துகூடக் குழறவில்லை.